தலையைச் சுற்றி நடந்த டிரம்ஸ்காரன்

காதுக்காரர் கடையில் கிடக்கும் தோல் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிட முடியாது. சம்பந்தி வந்தாலும் ஸ்டூல்தான், பெற்ற மகன் வந்தாலும் ஸ்டூல்தான். ஹெட்போன் வாங்க வந்தவர் மட்டும் அதில் உட்காரலாம். உட்காரலாம் என்ன, உட்கார்ந்தே தீரவேண்டும். அவர் தலையில் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடச் சொல்லி, தன்னுடைய மூன்று ஆல்பங்களைப் போட்டுக் காட்டாமல் காதுக்காரர் இதுவரை ஒரு பெட்டியைக்கூட விற்றதில்லை. அவசரம் என்று சொன்னவர்களை, "அவசரம்னா மாத்திரை வாங்கிக்கங்க, இது பாட்டுக் கடை" என்று வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அந்த மூன்று ஆல்பங்களுக்கும் அட்டைப்படத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. எல்லாம் வேற்று நாட்டு எழுத்து. அவர் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவர். பெயர் தெரியாவிட்டால் என்ன, அவரே வைத்துவிட்டார்.

முதலாவது 'மாடிப்படி'. அதில் ஒருவன் ஆள் உயரத்து வயலின் போன்ற ஒரு கருவியை விரலால் மீட்டுவான். ஒவ்வொரு மீட்டலும் வலது காதில் ஆரம்பித்து, யாரோ கனத்த உடம்பை வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்குவது போல, இடது காதுக்கு இறங்கி வரும். இரண்டாவது 'மூச்சுக்காரி'. பாடுகிறவள் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மூச்சை இழுப்பது நம் கழுத்தோரம் கேட்கும். கல்யாணமான ஆண்கள் அந்த இடத்தில் கண்ணைத் திறந்து கடைக்குள் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வார்கள்.

மூன்றாவதுதான் 'டிரம்ஸ்காரன்'. அதை எடுத்த விதமே வேறு. பொம்மைத் தலை ஒன்றைச் செய்து, அதன் இரண்டு காதுக்குள்ளும் மைக் வைத்து, காலியான ஒரு பெரிய கூடத்தின் நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். வாசிக்கிறவன் டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்தத் தலையைச் சுற்றி நடந்திருக்கிறான். ஸ்பீக்கரில் போட்டால் அது வெறும் தட்டல், பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம். ஹெட்போனில் போட்டாலோ, அவன் நம் தலையைச் சுற்றி நடப்பான். இடது தோளில் தொடங்கி, முதுகுக்குப் பின்னால் போய், வலது தோளில் எட்டிப் பார்ப்பான். செருப்புச் சத்தம்கூட வரும். அவன் பின்னால் போகும் நேரத்தில் திரும்பிப் பார்க்காத மனிதனைக் காதுக்காரர் கண்டதில்லை.

"இப்ப வர்றான் பாருங்க... இடது பக்கம்... பின்னாடி போறான்... திரும்பாதீங்க, திரும்பாதீங்க! திரும்பிட்டீங்களா? எல்லாரும் திரும்பிடறாங்கய்யா!"

இந்த வசனத்தை அவர் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பாரோ, ஒவ்வொரு முறையும் அந்த டிரம்ஸ்காரனைத் தானே பெற்று வளர்த்தது போலத்தான் சொல்வார்.

பெருமைப்படக் காரணம் இருக்கிறது. இளவயதில் அவர் நூலகத்து மதில் சுவரோரம் ஒரு சாக்கை விரித்து, அறுந்த ஒயர்களைப் பற்றவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் ஒரு கார்க்காரர் இடது பக்கம் பேசாத ஒரு பெரிய ஹெட்போனைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். இவர் உள்ளே பிரித்து, விட்டுப்போயிருந்த ஒயரை ஒட்டவைத்து, சரியாகிவிட்டதா என்று காதில் மாட்டிப் பார்த்தார். அதுவரை அவருக்குப் பாட்டு என்றால் டீக்கடை ரேடியோவில் இருந்து வருவது. எதிரே ஒரு பெட்டி பாடும், நாம் கேட்போம், அவ்வளவுதான். அன்றைக்கு நடைபாதையில், பஸ் புகைக்கு நடுவில், அவருடைய தலை ஒரு கல்யாண மண்டபம் போல விரிந்துவிட்டது. வலது மூலையில் வயலின், இடது மூலையில் புல்லாங்குழல், நடுவில் பாடுகிறவர். எழுந்து நின்றுவிட்டார். கார்க்காரர் திரும்பி வந்து, "என்னப்பா, ரிப்பேர் ஆச்சா?" என்று கேட்டதற்கு, "சார், இன்னும் ஒரு பாட்டு முடியட்டும்" என்றாராம்.

அன்றிலிருந்து வேறு தொழிலை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாக்கிலிருந்து தள்ளுவண்டி, தள்ளுவண்டியிலிருந்து படிக்கட்டுக்கு அடியில் ஒரு பொந்து, பொந்திலிருந்து கண்ணாடிக் கதவு போட்ட கடை. யாரும் தூக்கிவிடவில்லை, தூக்கிவிட வந்தவர்களையும் இவர் கிட்டே சேர்க்கவில்லை. 'இந்தக் காது ரெண்டும்தான் என் முதல்' என்பார். கம்பெனிக்காரர்கள் புது ஹெட்போன் இறக்கினால், கடைத்தெருவே இவர் என்ன சொல்கிறார் என்று காத்திருக்கும். இவர் "தலை திறக்குது" என்றால் விற்றுப்போகும். "தலை அடைக்குது" என்றால் அந்தப் பெட்டி தூசி பிடித்துக் கிடக்கும்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அந்த வருடம் ஒரு மகுடம் வந்து சேர்ந்தது. எந்த நூலகத்து மதில் சுவரில் சாய்ந்து பிழைத்தாரோ, அதே நூலகத்தில் பாட்டுக் கேட்பதற்கென்று ஒரு அறை திறக்கப்போகிறார்கள். வருகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஹெட்போனில் கேட்கலாம். எந்த ஹெட்போன் வாங்குவது, அதில் கேட்பதற்கென்றே பொருந்துகிற ஆல்பங்கள் எவை என்று தேர்ந்தெடுக்க ஆள் வேண்டும். நூலகர் அம்மாள் நேரே கடைக்கு வந்துவிட்டார். தோல் நாற்காலியில் உட்கார்ந்தார். டிரம்ஸ்காரன் பின்னால் போனபோது, அத்தனை படித்த அம்மாளும் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, நீங்கதான் வந்து தேர்ந்தெடுத்துக் கொடுக்கணும். கதவுல உங்க பேரையும் எழுதிடறோம்" என்றார்.

"எழுதுங்க மேடம்" என்றார் காதுக்காரர், ஏதோ தினமும் நாலு கதவில் பெயர் எழுதப்படுகிறவர் போல. அந்த அம்மாள் தெருமுனை திரும்பும் வரைக்கும்தான் அடக்கிக்கொண்டார். பிறகு பக்கத்துக் கடை, எதிர்க் கடை, தபால்காரர், பால் வண்டி என்று ஒருவரையும் விடவில்லை.

அவருடைய வீட்டுக்காரம்மா மட்டும், "கதவுல பேரு எழுதினா திறக்கறப்பவும் மூடறப்பவும் இடிபடுமே" என்றார்.

இந்த நேரம் பார்த்துத்தான் கடைவாய்ப் பல் வேலையைக் காட்டியது. கன்னம் பன் ரொட்டி போல வீங்கிப்போய், ஒரு காலை முழுக்கப் பல் டாக்டரிடம் கிடந்து, அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். துணைக்கு வீட்டுக்காரம்மா போனதால், கடையில் மருமகள் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மகன் கப்பல் வேலையில் இருப்பவன், வருடத்தில் பாதி நாள் தண்ணீரில். மருமகள் கெட்டிக்காரி. வந்தவர்களிடம், "மாமா நாளைக்கு இருப்பாங்க, நாற்காலியும் இங்கேயேதான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காதுக்காரர் வந்து கடையைத் திறந்ததும், ஒரு கம்பெனியிலிருந்து புது ஹெட்போன் வந்திருந்தது. நல்ல கருப்பு, காதுக்கு மெத்து மெத்தென்று வெல்வெட்டு. கதவைச் சாத்திக்கொண்டு, கடை டேப்லெட்டில் செருகி மாட்டினார். டிரம்ஸ்காரனைப் போட்டார்.

டிரம்ஸ்காரன் நடக்கவில்லை.

சத்தம் இருந்தது. அடி இருந்தது. ஆனால் ஆள் இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை. பின்னால் போகவே இல்லை. இரண்டு புருவத்துக்கும் நடுவில், மண்டைக்குள், ஆணி அடித்து மாட்டிய காலண்டர் போல நின்ற இடத்திலேயே நின்று தட்டிக்கொண்டிருந்தான். மாடிப்படியைப் போட்டார். இறங்குகிறவன் இறங்காமல் ஒரே படியில் நின்று குதித்தான்.

"தலை அடைக்குது" என்று சொல்லி, அந்தக் கருப்பைப் பெட்டியில் போட்டு, அன்றைக்கே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினார். "இதையெல்லாம் ஹெட்போன்னு விக்கறாங்க பாரு" என்று எதிர்க் கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

பிறகு, வாயைக் கொப்பளிக்கிற மாதிரி காதைக் கொப்பளிக்கலாம் என்று, தன்னுடைய சொந்த ஹெட்போனை மாட்டினார். அதிலும் அவன் நடக்கவில்லை.

கடையில் இருந்த அத்தனை ஹெட்போனையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். வலதை இடதில் மாட்டினார். தலையைச் சாய்த்தார். விரலை விட்டுக் காதைக் குடைந்தார். எங்கேயும் அவன் நகரவில்லை. அத்தனை வருடம் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த ஆள், இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தது.

காதில் குறை என்று நினைக்க அவருக்கு முதலில் மனம் வரவில்லை. அந்தப் பக்கம் போகாமல் மற்ற எல்லாப் பக்கமும் போய்ப் பார்த்தார். கடைசியில் ஒரு வாடிக்கையாளர்தான் அந்தப் பக்கம் பிடித்துத் தள்ளினார்.

வந்தவர் ஒரு பஸ் டிரைவர். நாள் முழுக்க இன்ஜினும் ஹாரனும் கேட்ட காதுக்கு ஒரு நல்லது செய்யலாம் என்று வந்திருந்தார். நாற்காலியில் உட்காரவைத்து மாட்டிவிட்டார். டிரம்ஸ்காரனைப் போட்டார். தனக்குக் கேட்காதது இவருக்காவது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமான வசனத்தை அடக்கிய குரலில் சொன்னார்.

"இடது பக்கம் வர்றான் பாருங்க... பின்னாடி போறான்..."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார். பிறகு, "அடேயப்பா!" என்றார். "ஆமாண்ணே, பின்னாடி வந்துட்டான்!" என்று திரும்பியும் பார்த்தார்.

காதுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டிரைவருக்குக் கேட்கிறது. ஹாரன் அடித்தே காது தேய்ந்த மனிதனுக்குக் கேட்கிறது. அப்படியென்றால் போனது எது என்று இனிமேல் கேட்கத் தேவையில்லை. டிரைவர் சந்தோஷமாக ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். இவர் கடையை அரை ஷட்டர் இறக்கிவிட்டு நேரே பல் டாக்டரிடம் போய் நின்றார்.

"டாக்டர், நீங்க பல்லைப் பிடுங்கினீங்களா, காதைப் பிடுங்கினீங்களா?"

"வாயைத் திறங்க."

"வாய்க்கு ஒண்ணும் இல்லை. பல்லோட வேரு காது வரைக்கும் போகும்தானே? அதை இழுக்கறப்ப இதையும் சேர்த்து இழுத்துட்டீங்க."

"பெரியவரே, பல்லுக்கு வேரு இருக்கு. ஆனா அது மரம் இல்லை, பக்கத்து வீட்டு வரைக்கும் ஓடறதுக்கு." டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் பேசறது கேக்குதுல்ல?" என்றார்.

"கேக்குது."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்பதை எப்படிச் சொல்வது? கேட்கிறது, ஆனால் எங்கேயிருந்து என்று தெரியவில்லை. சத்தம் வீட்டுக்குள் இருக்கிறது, வீட்டில் அறைகள் இல்லை. இதைச் சொன்னால், காது டாக்டரைப் பாருங்கள் என்பார். காது டாக்டர் ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பார். எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் அது உண்மையாகிவிடும். "சரி, வரேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டாக்டர் பேசுவது எந்தப் பக்கம் என்று அவருக்குச் சரியாகத்தான் தெரிந்தது. ரோட்டில் பின்னால் வந்த சைக்கிள் மணிக்குச் சரியான பக்கம்தான் ஒதுங்கினார். ஆனால் பயம் பிடித்தவனுக்குக் கணக்கு வருமா? சைக்கிள் மணி அவருக்குப் பாட்டு இல்லை. அவருடைய கவலை முழுக்கப் பாட்டின் மீது இருந்தது.

வீட்டில் முதலில் கண்டுபிடித்தது வீட்டுக்காரம்மாதான். அவருக்கு இந்த மனிதரோடு ஆயுசில் பாதிக்கு மேல் போயிருந்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"ரெண்டு நாளா பீத்திக்கவே இல்லையே நீங்க. நேத்து பக்கத்து வீட்டுக்காரர் வந்து லைப்ரரிக் கதவைப் பத்திக் கேட்டாரு. 'ம்'னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டீங்க. நான் பயந்தே போயிட்டேன்."

காதுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, தட்டைப் பார்த்தபடி, "காது போச்சு" என்றார்.

"என்ன போச்சு?"

"காது, காது!"

"இப்ப உங்களுக்குப் போச்சா, எனக்குப் போச்சா? எதுக்குக் கத்தறீங்க?"

அவர் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். கேலிக்கு எவ்வளவோ இடம் இருந்தது, வீட்டுக்காரம்மா ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில், "அந்த அம்மா நாளைக்குத்தானே வரச் சொல்லியிருக்கு?" என்று கேட்டார்.

"ஆமா."

"போங்க. போய் உள்ளதைச் சொல்லிடுங்க. கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்றதுல என்ன குறைஞ்சு போச்சு?"

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே."

"ஊரு மறந்துடும். இல்லேன்னா நான் ஞாபகப்படுத்தாம இருக்கேன், அது போதாதா?"

மறுநாள் காலையில் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தோற்கப் போகிறவனுக்கும் சட்டை நல்லதாக இருக்கட்டும். நூலகத்து மதில் சுவரைத் தாண்டும்போது, தான் சாக்கு விரித்த இடத்தைப் பார்க்கவில்லை. மற்ற நாளாக இருந்தால், கூட வருகிறவர் யாரானாலும் அங்கே நிறுத்தி ஒரு பிரசங்கம் நடந்திருக்கும். வழி நெடுகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். 'மேடம், எனக்கு வயசாயிடுச்சு.' வேண்டாம், அது அவ்வளவு நன்றாக இல்லை. 'மேடம், கடையில வேலை ஜாஸ்தி.' அது பொய். 'மேடம், இந்தக் காது...' அதற்கு மேல் வரவில்லை.

புது அறையில் சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. சுவரோரம் மேசைகள், நாற்காலிகள். நடு மேசையில் கம்பெனிகள் பார்வைக்கு அனுப்பிய ஹெட்போன்கள் வரிசையாக, மீன் கடை போலப் பரப்பி வைத்திருந்தார்கள். கதவில் பெயர் எழுதுகிறவர் பென்சிலால் கோடு போட்டு, எழுத்துக்கு இடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தக் காலி இடம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"வாங்க ஐயா, வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் நூலகர் அம்மாள்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லலாம், சொல்லலாம். முதல்ல இதைக் கேளுங்க. அன்னைக்கு உங்க கடையில கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அந்த ஆல்பத்தைத் தேடிப் பிடிச்சு வாங்கிட்டேன். சரியானதுதானான்னு நீங்கதான் சொல்லணும்."

"இல்ல மேடம், அதைப் பத்தித்தான்..."

படித்தவர்களுக்கு ஆசை வந்துவிட்டால் சின்னப் பிள்ளைகளை விட மோசம். அந்த அம்மாள் அவரைப் பிடித்து உட்காரவைத்து, கையில் கிடைத்த ஒரு ஹெட்போனை எடுத்து அவர் தலையில் மாட்டியேவிட்டார். காதுக்காரர் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். நடு மண்டையில் நிற்கப்போகிறவனைப் பொறுத்துக்கொள்ளத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டார். கடைவாயில் ஒரு பல் குறைந்திருந்தது.

முதல் தட்டல் இடது தோளில் விழுந்தது.

இரண்டாவது தட்டல் இன்னும் கொஞ்சம் பின்னால். செருப்பு தரையில் உரசியது. காலியான கூடத்தின் தூரத்துச் சுவர் வரைக்கும் சத்தம் போய்த் திரும்பி வந்தது. அவன் நடந்தான். பின்கழுத்துக்கு நேராக வந்து, ஒரு நொடி நின்று, ஒரு உருட்டல் உருட்டிவிட்டு, வலது பக்கமாக எட்டிப் பார்த்தான்.

ஊரில் அத்தனை பேரையும் திரும்பாதே திரும்பாதே என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா? என்னாச்சு? கண்ணுல தண்ணி..."

"சுண்ணாம்பு மேடம்" என்றார். "புது சுண்ணாம்பு நெடி. ஜன்னலைத் திறந்து வைங்க."

அந்த ஆல்பம் முடியும் வரை அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. நூலகர் அம்மாள் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து, "ஏதோ சொல்லணும்னீங்களே ஐயா?" என்று கேட்டபோது, காதுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் பேரை எழுதறப்ப எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கட்டும் மேடம். அந்தப் பென்சில் கோடு சின்னதா இருக்கு. அதைத்தான் சொல்ல வந்தேன்."

பிறகுதான் தலையில் இருப்பது எந்த ஹெட்போன் என்று கழற்றிப் பார்த்தார். கருப்பு. வெல்வெட்டு. 'தலை அடைக்குது' என்று தெருவுக்கே கேட்கச் சொல்லி அவர் திருப்பி அனுப்பிய அதே ஜாதி. இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். மேசையில் இருந்த மற்றதையும் ஒன்று விடாமல் மாட்டிக் கேட்டார். எப்படிக் கேட்டாலும் அந்தக் கருப்புதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது.

"இதையே வாங்குங்க" என்றார். "நான் சொன்னேன்னு அந்தக் கம்பெனிக்கு மட்டும் சொல்லிடாதீங்க. விலையை ஏத்திடுவான்."

வெளியே வந்ததும் மதில் சுவரோரம் சாக்கு விரித்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அங்கே இப்போது ஒருவர் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார். "தம்பி, இந்த இடம் ராசியான இடம், தெரியுமா?" என்று ஆரம்பித்தார். பாவம், கவர் விற்கிறவருக்குத் தப்பிக்க வழியில்லை.

அங்கே நடக்கிற ஆள் கடையில் மட்டும் ஏன் நடக்கவில்லை? வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தவர், கடைக்குள் நுழைந்ததும் பாட்டுப் போடும் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கடையில் எல்லா ஹெட்போனுக்கும் பாட்டு அந்த ஒரே டேப்லெட்டிலிருந்துதான் வரும். அத்தனை ஹெட்போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர், இதை மட்டும் சந்தேகப்படவே இல்லை. திருடனைத் தெருவெல்லாம் தேடியவர் வீட்டுக்குள் பார்க்காமல் விட்ட கதைதான். ஆனால் உள்ளே போய் எந்தப் படத்தைத் தொட்டால் எது திறக்கும் என்று அவருக்குத் தெரியாது. மருமகளைக் கூப்பிட்டார்.

அவள் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். டேப்லெட்டைப் பார்த்தாள். மாமா சொன்னதைக் கேட்டாள். முகம் வெளிறிப்போயிற்று.

"மாமா... அது நான்தான் மாமா."

"என்ன நீ?"

"நீங்க பல்லுப் பிடுங்கப் போன அன்னைக்கு, பாப்பா தூங்கிட்டு இருந்துச்சு. கடையில சும்மா உக்காந்திருந்தேனா, ஒரு பாட்டுக் கேக்கலாம்னு ஒரு காதுல மட்டும் வெச்சுக்கிட்டேன். இன்னொரு காது பாப்பாவுக்கு வேணும்ல? அழுதா கேக்கணுமே. ஒரு பக்கம் மட்டும் கேட்டா பாதிப் பாட்டுதான் வருது, கேள்வி கேக்கறவ இங்க இருக்கா, பதில் சொல்றவன் அந்தப் பக்கம் இருக்கான். அதனால ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கலந்து, ரெண்டு காதுலயும் ஒரே சத்தம் வர்ற மாதிரி செட்டிங்ஸை மாத்தினேன். என் போன்ல எப்பவும் அப்படித்தான் வெச்சிருப்பேன். அப்புறம் பாப்பா எந்திரிச்சிடுச்சு, மறந்தே போயிட்டேன் மாமா."

அங்கே ஒரு பொத்தான் இருந்தது. சின்னதாக, கடுகளவு. மருமகள் விரலால் தொட்டாள். பச்சையாக இருந்தது சாம்பல் நிறமாயிற்று. அவ்வளவுதான்.

காதுக்காரர் கத்துவார் என்று அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்துச் சிரித்து, பல் பிடுங்கிய இடம் வலிக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "ஐயோ, அந்தப் பல் டாக்டர்! அந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் கேட்டுட்டேன்!"

சிரிப்பு அடங்கியதும் சட்டென்று ஒன்று உறைத்தது. டேப்லெட் அப்படி இருந்ததென்றால், பஸ் டிரைவருக்கு எப்படிக் கேட்டது? உடனே போன் போட்டார். டிரைவர் டெப்போவில் இருந்தார்.

"ஏம்ப்பா, உண்மையைச் சொல்லு. அன்னைக்கு நாற்காலியில உக்காந்தப்ப, அவன் பின்னாடி வந்தானா?"

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசினார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வரலை. நடுவுலயே நின்னுக்கிட்டு தட்டினான். ஆனா நீங்க அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க. ஊருக்கே காது நீங்க. நமக்குத்தான் ஹாரன் அடிச்சு அடிச்சுக் காது செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். வெக்கமா இருந்துச்சு, வந்துட்டான்னு சொல்லிட்டேன். வீட்டுல பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லலை. காது டாக்டரைப் பாக்கலாம்னு லீவு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"லீவைக் கிழிச்சுப் போட்டுட்டு சாயந்திரம் கடைக்கு வா" என்றார் காதுக்காரர். "உன் காதுக்கு ஒண்ணும் இல்லை. என் காதுக்கும் ஒண்ணும் இல்லை. நம்ம ரெண்டு பேருக்கும் வாய்தான் கோளாறு."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் உட்கார்ந்து அடேயப்பா சொன்னவர்களில் இன்னும் எத்தனை பேர் சும்மா சொன்னார்களோ என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததை ரொம்ப நேரம் உட்காரவைக்கவில்லை. அதற்கும் ஸ்டூல்தான்.

அன்றிலிருந்து வசனம் மட்டும் மாறிவிட்டது. 'இடது பக்கம் வர்றான், பின்னாடி போறான்' என்று முன்கூட்டியே சொல்வதை விட்டுவிட்டார். பாட்டைப் போட்டுவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "ஆளு எங்க நிக்கறான்னு நீங்க சொல்லுங்க" என்பார். வாயைப் பொத்துவதற்கு அவர் படும் பாட்டைப் பார்ப்பதற்கென்றே எதிர்க் கடைக்காரர் டீயோடு வந்து நிற்பார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்குப் பகலில் காதுக்காரர் செய்த முதல் காரியம் வேறு. மருமகளைப் பார்த்து, "நீ ரெண்டு காதாலயும் பாட்டுக் கேட்டு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "பாப்பா பொறந்ததுல இருந்து இல்லை மாமா."

"குழந்தையைக் குடு. அதுல உக்காரு."

"நாற்காலியிலயா? நான் ஒண்ணும் வாங்க வரலையே மாமா."

"உக்காருன்னா உக்காரு. பாப்பா அழுதா எனக்குக் கேக்கும். எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

அவள் தயங்கித் தயங்கி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மாட்டிவிட்டார். கண்ணை மூடச் சொன்னார். குழந்தை அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கப் பார்த்தது, கொடுத்துவிட்டார். வாசலில் சாப்பாட்டுக் கேரியரோடு வீட்டுக்காரம்மா வந்து நின்று, மருமகள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்து, வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

கடையில் ஒரு சத்தமும் இல்லை. மருமகளின் புருவம் மட்டும் ஏறி இறங்கியது. காதுக்காரருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, குழந்தையின் தலையில் உதட்டை அழுத்திக்கொண்டார்.

அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். கண் பெரிதாகி, "மாமா! பின்னாடி யாரோ நடக்கறாங்க!" என்று, காதில் ஹெட்போன் இருப்பதை மறந்து, கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"பாத்தியா!" என்றார் காதுக்காரர் வீட்டுக்காரம்மாவிடம்.

"என்னத்தைப் பாக்கறது? என் தலையில ஒண்ணும் மாட்டலையே" என்றார் வீட்டுக்காரம்மா, கேரியரை ஸ்டூலில் வைத்தபடி. "அவ எந்திரிச்சதும் நான் உக்காருவேன். இத்தனை வருஷமா சோறு கொண்டுவந்த கையி, நானும் இங்க வாடிக்கைதான். அதுவரைக்கும் பீத்திக்காம சாப்பிடுங்க."

"எப்படிம்மா பீத்திக்காம இருக்கறது?" என்று ஆரம்பித்தார் காதுக்காரர். "லைப்ரரியில இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா..."

வீட்டுக்காரம்மா நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு, தட்டில் சோற்றைப் போட்டார்.